கேட்டதும் பதில் வர வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு மலைப் பள்ளிகளைப் பார்வையிட வருகிறவர்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போகிறார்கள். வந்த பிள்ளை பாடத்தில் இருந்ததா என்பது வேறு கணக்கு.

காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் விடியலிலேயே எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். தம்பி, தங்கையைக் கிளப்பிக்கொண்டு வரும் மூத்த பிள்ளை இறைவணக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேரும். அதை வாசலில் நிற்கவைத்து எல்லார் முன்னும் விசாரித்தால், அடுத்த முறை நேரமாகிவிட்டால் பள்ளிக்கே வராது. பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு, காரணத்தை இடைவேளையில் தனியாகக் கேட்கலாம். முதல் 10 நிமிடம் நேற்றைய பாடத்திலிருந்து மூன்று கணக்கு போடச் சொன்னால், பிந்தி வந்த பிள்ளைக்குப் புதுப் பாடம் தவறாது.

அடுத்தது கேள்வி கேட்கும் முறை. கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்றும், மூன்று விநாடி பொறுத்தால் வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே எழுதினார். முதலில் கேள்வி, பிறகு மனதுக்குள் மூன்று எண்ணிக்கை, அதன் பிறகே பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதையே விட்டுவிடுவார்கள். பெயர் எழுதிய ஐஸ் குச்சிகளை டப்பாவில் போட்டு எடுக்கலாம். எடுத்த குச்சியைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் 'நம்ம முறை முடிஞ்சுது' என்று அந்தப் பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிவிடும்.

43-இல் 17 போனால் 34 என்று ஒரு பிள்ளை சொன்னால், 'தப்பு, உட்கார்' என்பது வீண். 'எப்படிப் போட்டாய்?' என்று கேட்டால் தெரியும்: மூன்றில் ஏழு போகாது என்று, ஏழில் மூன்றைக் கழித்திருக்கும். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினால் 26 வந்துவிடும்.

மலைப் பேச்சுவழக்கில் பதில் சொல்லும் பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்கும்போது ஆசிரியரும் கூடச் சிரித்தால், அந்த வருடம் முழுக்க அது பேசாது. (பிரம்புக்கு மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலுக்கும் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை போட்டுவிட்டது, கேலி அதில் சேராதா?)

ஆசிரியரை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். அந்த நாளில் மூன்று விநாடிக்கு எங்கே போவது? பயிற்சி நாள்களில் மாற்று ஆசிரியர் அனுப்ப வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். கூட்டத்தை எஸ்டேட் வேலைநாளில் வைத்தால் யார் வருவார்கள்? விடுமுறை நாளில் வையுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் பதிவேட்டை மூடிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு பாடவேளையில் எத்தனை பிள்ளைகள் பேசினார்கள் என்று குறித்துக்கொண்டு போகட்டும்.

ஆசிரியர் பயிற்றுநர்கள் சிலர்,
சேலம்.