பிஞ்ச் வெஸ்ட் எல்.ஆர்.ரி: என்ர 3 மணித்தியாலச் சம்பளமும், நான் பிந்தினதுக்கு ஒரு கடிதமும் வேணும்

ரீ.ரீ.சி (ரொறன்ரோ பொதுப் போக்குவரத்து) வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

விசயம்: பிஞ்ச் றோட்டில ஓடுற உங்கட எல்.ஆர்.ரி எண்ட லேசான ட்ரெயின்.

வணக்கம். முதல்ல நான் ஏன் தமிழில எழுதுறன் எண்டு சொல்லிப்போடுறன். இந்த மாசம் உங்கட நம்பருக்கு போன் எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒராளைத் தர ஏலுமோ எண்டு மரியாதையாத்தான் கேட்டனான். அதுக்கு உங்கட போனில நிண்ட பொம்பிளை சொன்னவ, "கத்துறதுக்கு மட்டும் இங்கிலீஸ் நல்லா வருது தானே" எண்டு. நான் கத்தேல்ல. 38 நிமிசம் உங்கட டிங் டிங் மியூசிக்கைக் கேட்டுக்கொண்டு இருந்ததால குரல் கொஞ்சம் ஏறினது, அவ்வளவுதான். தை மாசம் முழுக்க தமிழ் மரபுத் திங்கள் எண்டு ரொறன்ரோவில எல்லா இடமும் "வணக்கம்" எண்டு எழுதி ஒட்டியிருக்கு. அப்ப வணக்கத்துக்குப் பிறகு வாறதையும் ஆரையாவது பிடிச்சு வாசிப்பிச்சுக் கேளுங்கோ.

இதுக்கு முதல் நாலு தரம் போன், ரெண்டு தரம் ஒன்லைன் போர்ம், ஒரு தரம் நேரில. இது எட்டாவது. ஒன்பதாவது உங்களுக்கு வராது, உங்களைப் பற்றின முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனுக்குத்தான் போகும். மிரட்டுறன் எண்டு நினைக்கவேண்டாம், உங்களுக்கு முதல்லயே சொல்லி வைக்கிறன்.

நான் கீல் சந்திக்குக் கிட்ட இருக்கிறன். வேலை ஹம்பர் கொலிஜ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில, விடிய ஏழு மணிக்கு. அப்ப உங்கட லைனில இந்த நுனியில ஏறி அந்த நுனியில இறங்கிற ஆள் நான், நடுவில ஏறி நடுவில இறங்கிற ஆக்கள் மாதிரி இல்லை, முழுக் கூத்தையும் பாக்கிறனான். ஆறு வருசமா பிஞ்ச் றோட்டை நீங்கள் கிண்டேக்க (2019ல தொடங்கி 2023ல முடியும் எண்டு சொன்னது, ஞாபகம் இருக்கும்) சேத்துக்கையும் தூசிக்கையும் 36ஆம் நம்பர் பஸ்ஸில தொங்கிக்கொண்டு போனனான், ஒரு வார்த்தை புகார் சொல்லேல்ல. ட்ரெயின் வந்தா எல்லாம் சரிவரும் எண்டு வேலையில மற்றப் பெட்டையளுக்கும் சொல்லித் திரிஞ்சதும் நான்தான். 2025 டிசம்பர் 7ஆம் திகதி திறந்த அண்டு ஞாயிற்றுக்கிழமை, காசில்லாமல் ஏத்தினவை, மகளையும் கூட்டிக்கொண்டு சும்மா ஒருக்கா போய்ப் பாப்பம் எண்டு போனனாங்கள். மகள் பாதி வழியில கேட்டவள், "அம்மா, இது பழுதாப் போச்சோ, இல்லாட்டி இப்பிடித்தான் ஓடுமோ?" எண்டு. முதல் நாள் தானே, பழகட்டும் எண்டு சொன்னனான். என்ர வாயை என்ன சொல்ல.

10.3 கிலோமீற்றர், 18 ஸ்ரொப். திறக்கேக்க உங்கட சொந்த அட்டவணையே 46 நிமிசம் எண்டுதான் இருந்தது. நாப்பதுக்குள்ள போகலாம் எண்டுதானே முதல் சொன்னனீங்கள்? 46 எண்டு வைச்சாலும் மணிக்கு 13 கிலோமீற்றர் சொச்சம் வருது, கணக்கை நான் போட்டு மகளிட்டயும் காட்டினனான், சரி எண்டவள். சைக்கிள்காரன் தாண்டிப் போறான். ஒராள் ட்ரெயினோட போட்டிக்கு ஓடி அதை முந்தினது செய்தியில வந்தது, பாத்திருப்பியள். அந்த 46 நிமிசமும் நல்ல நாளில. எனக்கு வாறது 50, 55. எனக்கு யாழ்தேவி பழக்கம், அது பிந்தினா பிந்தட்டும் எண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருப்பம், ஆனா அது கொழும்பில இருந்து நானூறு கிலோமீற்றர் கிட்ட வாற வண்டி, பிந்துறதுக்கு அதுக்கு இடமிருக்கு. பத்துக் கிலோமீற்றருக்குள்ள இவ்வளவு நேரத்தை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறியள் எண்டுதான் எனக்கு விளங்கேல்ல.

விளங்கேல்ல எண்டது பொய், நல்லா விளங்குது, தினம் கண்ணாடிக்குப் பக்கத்தில இருந்து பாக்கிறன் தானே. நடு றோட்டில உங்களுக்கெண்டு தனித் தண்டவாளம், ஒரு காரும் குறுக்க வராது. ஆனா சந்தி வந்தா முதல்ல இடப்பக்கம் திரும்புற காருகளுக்கு லைற் விழும், நாங்கள் நிப்பம். பிறகு எங்களுக்கு விழும், சந்தியை ஆமை மாதிரிக் கடந்து, கடந்த உடன அந்தப் பக்கம் ஸ்ரொப், அதில திரும்ப நிப்பம். ஒரு இடத்துக்கு ரெண்டு தரம் நிக்கிறது. இருநூறு பேர் நிண்டுகொண்டிருக்க, ஒரு கார் தனிய ஒராளை வைச்சுக்கொண்டு ரிம் ஹோர்ட்டன்ஸுக்குத் திரும்புது. டிசம்பரிலயே மேயர் ஒலிவியா சோ கொண்டுவந்து நகரசபையில தீர்மானமும் போட்டாச்சு, ட்ரெயினுக்கு சிக்னலில கூடின முன்னுரிமை குடுக்கச் சொல்லி. அப்ப பிரச்சினை இருக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும். உங்கட போனில இருக்கிறவைக்கு மட்டும்தான் தெரியாது.

நான் கேட்ட உடன உங்கட ஆள் சொல்லுறார், லைற் எங்கட இல்லை, சிக்னல்காரரிட்ட கேளுங்கோ எண்டு. சிக்னல்காரரிட்ட கேட்டா, வண்டி எவ்வளவு வேகத்தில ஓடவேணும் எண்டது ஓட்டுறவையின்ர முடிவு எண்டினம். கட்டினவையிட்ட கேட்டா, நாங்கள் கட்டிக் குடுத்தாச்சு அம்மா எண்டு போனை வைச்சிட்டினம். ஒரு பிள்ளைக்கு மூண்டு தகப்பன், பள்ளிக்கூடக் காசு கட்ட ஒருத்தரும் இல்லை.

சரி, நான் வேலைக்குப் பிந்தின அந்த வியாழக்கிழமைக்கு வாறன். அதுக்குத்தான் எழுதத் தொடங்கினது, கோவத்தில வேற எங்கயோ போட்டன்.

ஸ்னோ. மைனஸ் 17. 5:52க்கு பிஞ்ச் வெஸ்ட் ஸ்ரேசனில கார்ட் தட்டினனான், பிரெஸ்டோவில பதிவு இருக்கு, பாருங்கோ. போர்டில 4 நிமிசம் எண்டு போட்டிருந்தது. இருவது நிமிசத்துக்குப் பிறகும் அதே 4 நிமிசம். வந்தது 6:15க்கு. ஊர்ந்து ஊர்ந்து எமெரி ஸ்ரொப்பைத் தாண்டாமலே நிண்டது, நிண்டது, நிண்டுகொண்டே இருந்தது. பிறகு ஸ்பீக்கரில சுவிச்சில ஐஸ் எண்டோ என்னவோ சொல்லி, எல்லாரும் இறங்குங்கோ, பஸ் வரும் எண்டு சொல்லிச்சினம். இறங்கினம். பஸ் வரேல்ல. எனக்குப் பக்கத்தில ஒரு கொலிஜ் பெடியன், ஊரில இருந்து வந்து நாலு மாசமாம், மெல்லிய ஜக்கெற், கையுறை கூட இல்லை. என்ர கையுறை ஒண்டைக் குடுத்து மாறி மாறிப் போட்டுக்கொண்டு நிண்டம். கடைசியா நாங்கள் மூண்டு பேர் சேந்து டாக்ஸி பிடிச்சு, என்ர பங்கு 14 டொலர், வேலைக்குப் போகேக்க 8:10. எனக்குப் பதிலா வேற ஆளைக் கூப்பிட்டிட்டினம். பத்து மணிக்குத்தான் என்னை எடுத்தவை. அது எனக்கு மூண்டாவது தரம் பிந்தினது, மூண்டும் உங்களால, ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கையில தந்தாச்சு. 19 வருசமா அந்த இடத்தில வேலை செய்யிறன், ஒரு நாள் ஒரு பேச்சு வாங்கேல்ல. அந்தப் பேரை நீங்கள் எட்டுக் கிழமையில அழிச்சுப்போட்டியள். அதுக்கு என்ன விலை போடுவியள்?

ரொறன்ரோவில ஸ்னோ விழும் எண்டு உங்களுக்கு ஆரும் சொல்லேல்லயோ? என்ர தங்கச்சி ஒட்டாவாவில இருக்கிறவள், அங்க ஓடுறதும் இதே சிற்றாடிஸ் ஸ்பிரிற் மாடல்தான், 2019 செப்டெம்பரில திறந்தது, கதவுப் பிரச்சினை, குளிர்ப் பிரச்சினை, 2021ல ரெண்டு தரம் தடம் புரண்டு, 2022ல பொது விசாரணை அறிக்கையே வந்தது. அவள் எனக்கு திறக்க முதலே சொன்னவள், "அக்கா, வின்ரரில பஸ்ஸுக்கும் ஒரு வழி வைச்சுக்கொள்" எண்டு. வீட்டில இருக்கிற என்ர தங்கச்சிக்குத் தெரிஞ்சது வண்டி வாங்கி ஓட்டுற உங்களுக்குத் தெரியாமல் இருக்குமோ. சொந்தச் சாமானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேணுமோ.

வேலையில கேட்டது ஒண்டுதான்: ட்ரெயின் நிண்டது எண்டு ஒரு எழுத்து. அதுக்கு போன் எடுத்தா, வண்டி நம்பர் என்ன எண்டு கேக்கிறா அதே பொம்பிளை. இருட்டுக்கை, ஸ்னோக்கை, இறங்கு இறங்கு எண்டு இறக்கிவிட்டா, நான் பெட்டியில என்ன நம்பர் எண்டு குனிஞ்சு பாத்துக்கொண்டு நிப்பனோ? ஒரு லைன், ஒரு நாள், ஒரு நேரம். எது எமெரியில நிண்டது எண்டு உங்கட கம்பியூட்டருக்குத் தெரியாதோ? அதுக்கு அவ, "அப்ப நீங்கள் வீட்டில இருந்து நேரத்தோட வெளிக்கிடலாமே" எண்டா. அஞ்சரைக்கு வெளிக்கிடுறவளைப் பாத்து! அந்தக் குரல் இன்னும் காதுக்கை நிக்குது, இரவில படுத்தாலும் கேக்குது, புருசனே என்னை அப்பிடிக் கதைச்சதில்லை.

பிறகு இன்னொராள், அவர் நல்ல மனுசன், நேரில கவுன்டருக்குப் போங்கோ, ஐஞ்சு மணி மட்டும் திறந்திருக்கும், உடன எழுதித் தருவினம் எண்டார். எனக்குக் கிழமையில ஒரு நாள் லீவு. அந்த நாளை மினக்கெடுத்தி, சப்வேயில கீழ போய், 4:10க்கு நிக்கிறன், கண்ணாடிக்குப் பின்னால ஆள் இருக்கு, ஆனா திரை இழுத்தாச்சு. நாலு மணியோட முடிஞ்சுதாம். தட்டினன். கையால சைகை காட்டிறார், போ போ எண்டு, கோழி கலைக்கிற மாதிரி. செக்கியூரிட்டி வந்து சொல்லுறார், இதெல்லாம் ஒன்லைன் போர்மில தானே அம்மா, இங்க தாறேல்ல எண்டு. அந்தப் போர்மை ரெண்டு தரம் நிரப்பினனான்! அதில வண்டி நம்பர் போடாட்டி அடுத்த பக்கத்துக்கே போகாது, கடைசியா 0000 எண்டு போட்டனான். பதிலா ஒரு ஈமெயில், "உங்கள் கருத்துக்கு நன்றி". கருத்தோ? நான் கருத்துச் சொன்னனானோ? திரும்பி வரேக்க ரெண்டு மணித்தியால ட்ரான்ஸ்பரும் முடிஞ்சு, இன்னொரு 3.30 போச்சு. அதையும் கணக்கில சேருங்கோ.

ட்ரைவர்மாரில எனக்கு ஒரு கோவமும் இல்லை, அதுகள் பாவங்கள், சொன்ன வேகத்துக்குத்தான் ஓட்டுதுகள், சனம் பேசுறதையும் அதுகள்தான் வாங்குதுகள். ஒரு பிள்ளை அண்டைக்கு இறக்கிவிடேக்க சொறி சொறி எண்டு எல்லாரையும் பாத்துச் சொன்னது. உங்கட முழுக் கொம்பனியிலயும் எனக்குச் சொறி சொன்னது அந்த ஒரு பிள்ளைதான்.

அப்ப எனக்கு வேண்டியது: அந்த வியாழக்கிழமைக்கு ட்ரெயின் நிண்டது எண்டு, வேலைக்குக் குடுக்கக்கூடிய மாதிரி, கையெழுத்தோட ஒரு கடிதம். மூண்டு மணித்தியாலச் சம்பளம். டாக்ஸி 14 டொலர். வீணாப்போன 3.30. அந்தப் பொம்பிளை எனக்கு போன் எடுத்து மன்னிப்புக் கேக்கவேணும், தமிழில கேக்கத் தேவையில்லை, எனக்குத்தான் இங்கிலீஸ் வருமே. சந்தி லைற்றுக்கு எந்தத் தேதியில என்ன செய்யப்போறியள் எண்டதையும் எழுத்தில தாங்கோ. "ஆராய்கிறோம்" எண்டு எழுதினா அதையும் சேத்து ஒம்புட்ஸ்மனுக்குப் போடுவன், கவுன்சிலருக்கும் போடுவன், தமிழ் ரேடியோவில பின்னேர நிகழ்ச்சிக்கும் கூப்பிடுவன், அங்க என்னை ஒருத்தரும் 38 நிமிசம் காக்க வைக்கமாட்டினம்.

பத்து நாள் தாறன். தயவுசெய்து இந்த முறை ஒரு மனுசர் வாசிச்சுப் பதில் போடுங்கோ. கடவுளே எண்டு எனக்கும் சண்டை பிடிக்க விருப்பமில்லை, வேலை முடிஞ்சு வந்து இரவு பதினொண்டு மணிக்கு இருந்து எழுதுறன்.

நன்றி.

இப்படிக்கு,
கீல் சந்தியில இருந்து தினமும் ஏறுற ஒரு பயணி

பி.கு: இடக்கைக் கையுறை, மண்ணிறம், உள்ளுக்குக் கம்பளி. போன கிழமை ஸ்ரீவன்சனுக்கும் அல்பியனுக்கும் இடையில சீற்றுக்குக் கீழ விழுந்திட்டுது. தொலைஞ்ச சாமான் நம்பருக்கு எடுத்தனான், அங்கயும் வண்டி நம்பர்தான் கேக்கினம்.