மகாமகக் குளத்தில் ஒரு கணக்கு வகுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் பி.எட். மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் முறையைப் பதினொரு ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறேன். உயரமான ஒன்றை அண்ணாந்து பார்க்கும் கோணமான ஏற்றக்கோணத்தைக் கரும்பலகையில் அழகாக நடத்திவிடுவார்கள். கல்லூரித் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தைக் கண்டுபிடியுங்கள் என்றால் தயங்குவார்கள். செல்போனில் கோணம் பார்த்து, தூரத்தை அளந்து, கணக்கும் போட்டுவிட்டு, தரையிலிருந்து தன் கண்வரை உள்ள ஒன்றரை மீட்டரைக் கூட்டாமல் விட்டவர்கள் பலர். புத்தகப் படத்தில் பார்ப்பவர் வெறும் புள்ளிதானே!

ஜெர்மனியில் பிராங்பர்ட் கோத்தே பல்கலைக்கழகத்தில் உருவான ‘மேத்சிட்டிமேப்’ என்ற இலவசச் செயலியைப் போன பருவத்தில் பயன்படுத்திப் பார்த்தோம். ஓர் இடத்தைப் படம் எடுத்து, வரைபடத்தில் குறித்து, அங்கே நின்று அளந்தால் மட்டுமே விடை வரும்படி ஆசிரியர் ஒரு கேள்வி எழுத வேண்டும். குறிப்புகளும் தர வேண்டும். ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் பிள்ளைகளுக்கு இணையம்கூடத் தேவையில்லை.

எட்டுப் பேரை மகாமகக் குளத்துக்கு அழைத்துப் போனேன். “தண்ணீர் ஒரு படி இறங்கினால் எத்தனை லிட்டர் குறையும்?” என்று ஒரு மாணவி கேள்வி எழுதினார். குளம் ஏறத்தாழ 6.2 ஏக்கர், அதாவது சுமார் 25,000 சதுர மீட்டர். நாடா வைத்துப் பார்த்த படியின் உயரம் 20 செ.மீ. ஆக, 50 லட்சம் லிட்டர். உடனே இன்னொருவர் மறுத்தார். “அது மதில்வரைக்கும் சேர்த்த பரப்பு. தண்ணீர் நிற்பது உள்ளேதானே?” செல்போன் வரைபடத்தில் தண்ணீரின் ஓரத்தை மட்டும் தொட்டுத் தொட்டு அளந்தார்கள். விடையில் பல லட்சம் லிட்டர் குறைந்தது. அப்புறம், படிகள் சரிந்து இறங்குவதால் கீழே போகப் போகப் பரப்பும் சுருங்குமே என்று மூன்றாமவர் ஆரம்பித்தார். வெயில் ஏறியதை யாருமே கவனிக்கவில்லை.

இந்தச் செயலியில் அளந்து காணும் விடையை ஒரே எண்ணாகக் கொடுப்பதில்லை. இதிலிருந்து இதுவரை இருந்தால் சரி என்று ஓர் எல்லை கொடுக்க வேண்டும். அதை முடிவு செய்யவே அரைமணி நேரம் விவாதித்தார்கள். பிள்ளைகள் எங்கெல்லாம் தவறுவார்கள் என்று யோசிக்காமல் அந்த எல்லையைப் போட முடியாது. பாடத்திட்டம் எழுதச் சொன்னபோது ஒருநாளும் அவர்கள் இப்படி யோசித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அதே மாணவி பயிற்சிக்குப் போன பள்ளியில் இதை நடத்த அனுமதி கேட்டபோது, “செல்போன் கூடாது, வகுப்பை விட்டு வெளியேயும் போகக் கூடாது” என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி ஆசிரியரை மதிப்பிடும் தாளில் கரும்பலகைக்கு மதிப்பெண் இருக்கிறது, வெளியே நடத்தும் பாடத்துக்கு இடமே இல்லை. பள்ளியின் கவலை எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் கையில் போன் தர வேண்டாம். ஐந்து பேருக்கு ஒன்று, அதுவும் பயிற்சி ஆசிரியரின் போன் அல்லது பள்ளியின் கைக்கணினி, கூடவே ஓர் அளவு நாடா இருந்தால் போதும். பள்ளி வளாகத்தைத் தாண்டவும் வேண்டியதில்லை.

கணிதப் பயிற்சி ஆசிரியர்கள் நடத்தும் பாடங்களில் இரண்டையாவது வகுப்பறைக்கு வெளியே நடத்த வழிசெய்து, அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும் என்று தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த குழு பள்ளிகளுக்குப் போகும் முன்பே இதைச் செய்தால் நல்லது.

– பி.எட். கல்லூரி விரிவுரையாளர், கும்பகோணம்