சென்ற வார மர்மப் படம் குறித்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை மாலைக் காட்சி முடிந்ததும் நாங்கள் வாசலில்தான் நின்றிருந்தோம். பல ஆண்டுகளாக எங்கள் அரங்குக்கு வரும் பெரியவர் ஒருவர், "கொலைகாரனைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கண்ணிலேயே காட்டுகிறார்கள். அதுவரை நான் யாரைச் சந்தேகப்படுவது?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயம்.

படம் எடுத்தது நாங்கள் அல்ல. எங்கள் ஆபரேட்டர்கூட உங்களோடுதான் முதல்முறை பார்த்தார். ஆனால், பார்க்காத அந்தப் படத்துக்கு வாசல் பலகையில் "கடைசி இருபது நிமிடம் மூச்சுவிட மறப்பீர்கள்" என்று எழுதி வைத்தது நாங்கள்தான். அது பெரிய தவறு. திருப்பம் வரப்போகிறது என்று முன்பே சொல்லிவிட்டால், பார்ப்பவர் கதைக்குள் போவதில்லை. வெளியே நின்று துப்பறியத் தொடங்கிவிடுகிறார். இடைவேளையில் தேநீரோடு நின்ற கல்லூரி மாணவர்கள் நால்வரும் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். நான்குமே திரையில் வந்ததைவிட நன்றாக இருந்தன.

எதிர்பார்ப்பு நல்ல படத்தையும் சாய்த்துவிடும். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. பாட்டுக் கேட்க வந்தவர்கள் ஏமாந்தார்கள், வசூலும் இல்லை. இன்று அதைக் கொண்டாடாதவர் இல்லை. சென்ற வாரப் படத்துக்கும் அப்படி ஒரு காலம் வரும் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 'அந்த நாள்' தொடக்கத்திலேயே சிவாஜி கணேசனைச் சுட்டு வீழ்த்திவிட்டு, சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராக நம்முன் நிறுத்திப் பேச விடுகிறது. பார்ப்பவரை மதிக்கும் படம் அது.

இனி மர்மப் படங்களுக்கு எங்கள் பலகையில் பெயர், நேரம், கட்டணம் மட்டுமே இருக்கும்.

இன்னொன்று. முதல் கால் மணி நேரம் டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். முதல் காட்சியில் மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியைப் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. 1960-இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் திரையரங்குகளுக்கு நிபந்தனை விதித்தார். மர்மப் படங்களுக்கு நாமும் அப்படியே செய்வோம். தாமதமாக வருபவர்களுக்கு அடுத்த காட்சியில் இடம் தருகிறோம். வேண்டாம் என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

சென்ற வாரக் கட்டணத்தைத் திருப்பித் தர இயலவில்லை, மன்னியுங்கள். அதில் வரியும் விநியோகஸ்தர் பங்கும் போய்விட்டன. வண்டி நிறுத்தும் கட்டணம் மட்டும் முழுக்க எங்களுடையது. சென்ற வாரப் படத்தின் டிக்கெட் துண்டு கையில் இருந்தால் அடுத்த முறை வாசலில் காட்டுங்கள். வண்டிக்குப் பணம் வாங்க மாட்டோம்.

அன்புடன்,
திரையரங்க நிர்வாகம்