சாலையோர வியாபாரிகள் நலச் சங்கம்: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆயுத பூஜையும் பொங்கலும் வழக்கம்போல் நடந்தன. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம்.

ஆண்டின் பெரும்பகுதி, நகராட்சியில் சாலையோர வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவின் வேலையில் போனது. சங்க வேலையை விட்டுவிட்டு நகராட்சிக்கே அலைவதாகச் சிலருக்கு மனக்குறை. அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி குழுவின் தலைவர் நகராட்சி ஆணையர். உறுப்பினரில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 15 பேர் குழுவில் நாம் 6 பேர். போக்குவரத்துக் காவல், சுகாதாரம், வங்கி, குடியிருப்போர் சங்கம் எல்லாம் மிச்ச இடங்களில் வரும். கணக்கெடுப்பு நடத்துவது இந்தக் குழு. எங்கே விற்கலாம் என்று சொல்லும் விற்பனைத் திட்டத்தை நகராட்சி தயாரித்தாலும் குழுவின் பரிந்துரையின் பேரில்தான் தயாரிக்க வேண்டும். அங்கே போய் "இடம் கொடுங்கள்" என்றால் மனு வாங்கி வைத்துக்கொள்வார்கள். அளவெடுத்துப் போட்ட வரைபடம் வைத்தால் அதைப் பேசித்தான் தீர வேண்டும்.

அதற்காகவே கடைவீதியை அளந்தோம். 10 மீட்டருக்கு ஒரு குறுக்களவு எடுத்து, மின்கம்பம், சாக்கடை மூடி, கடை வாசல், பேருந்து நிற்கும் இடம், வண்டி திரும்பும் இடம் எல்லாவற்றையும் குறித்தோம். வியாபாரிகளின் ஆள் கணக்கை ஒரே வேளையில் எடுக்கவில்லை. காலை 6 மணி, பகல் 11 மணி, மாலை 6 மணி என மூன்று முறை எடுத்தோம், சந்தை நாளில் தனியாக எடுத்தோம். அலுவலக நேரத்தில் கணக்கெடுக்க வருபவர்கள் கண்ணில் விடியற்காலைக் கீரைக்காரரும் படமாட்டார், மாலை பஜ்ஜி வண்டியும் படாது. கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் விற்பனைச் சான்றிதழ் இல்லை. தள்ளுவண்டிக்காரரை நிலையான கடை என்று எழுதிவிட்டாலும் பின்னால் தெரு மாறும்போது தகராறுதான். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என நேரம் பகிர்ந்தால் அதே இடத்தில் இரண்டு குடும்பம் பிழைக்கலாம். மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடம் தரச் சட்டம் சொல்கிறது. 1 லட்சம் பேர் உள்ள ஊரில் அது 2,500 பேர்.

இவ்வளவு உழைத்து எடுத்துப்போன வரைபடத்துக்குப் பேச ஆள் வேண்டாமா? நம் 6 பேரில் இருவர் மட்டுமே வந்த கூட்டத்தில்தான் இடமாற்றம் பற்றிய பொருள் வந்தது. எதிர்ப்பை வாயால் சொன்னால் போதாது, நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லி, நகல் வாங்க வேண்டும். ஆள் இருந்திருந்தால் அன்றே எழுதச் செய்திருக்கலாம். இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சரக்கைப் பறித்தால் கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். கேட்ட அன்றே அழுகும் பொருளையும், 2 வேலை நாளுக்குள் மற்றதையும் திருப்பித் தர வேண்டும். இதை ஒவ்வொரு உறுப்பினரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சாலையோர வியாபாரிகளுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கும் பி.எம். ஸ்வநிதிக் கடனில் முதல் தவணை 2025-இல் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆயிற்று. அதைக் கட்டி முடித்தால் 25,000, பிறகு 50,000. நாள் தவறாமல் கட்டுபவருக்கு 7 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. சான்றிதழ் இல்லாதவருக்கு நகராட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தாலும், ஆதாரில் பழைய கைபேசி எண் இருந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடுகிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். வரவுக்குள் செலவு அடங்கியது, கையிருப்பு சொற்பம். சந்தா பாக்கி அதிகம். பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் பரிந்துரைக் கடிதம் வாங்கச் சங்கத்தின் துணையோடு சென்றவர்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

வரைபடம் போட்டுத் தந்த இளைஞர்களுக்கும், தலைவர், பொருளாளருக்கும், டீ வாங்கித் தந்த கடைக்காரர்களுக்கும் நன்றி.

கணக்கெடுப்பு 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது நடந்தாக வேண்டும். அடுத்தது வருவதற்குள் பேருந்து நிலையச் சாலையையும் கோயில் தெருவையும் அளந்து முடிக்க வேண்டும். ஒரு தெருவுக்கு டேப்பின் இரு முனையைப் பிடிக்க 2 பேர், எழுத ஒருவர், காலை 6 மணிக்கு வரக்கூடியவர்கள் தேவை. இந்தப் பொறுப்பை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் வந்தால் நோட்டையும் டேப்பையும் இன்றே கொடுக்கத் தயார். பெயர் கொடுப்பவர்களுக்காகப் பதிவேட்டைச் சந்தா ரசீதுப் புத்தகத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

செயலாளர்