52 நாட்களாக வராத வலது நக்கிள்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
டிரிஃப்ட் கார் கிட் வாங்கிய வாடிக்கையாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
நகல்: நிர்வாக இயக்குநர் அவர்களின் நேரடிப் பார்வைக்கு.

பொருள்: குறையுள்ள கிட், மூன்று முறை அனுப்பப்பட்ட தவறான உதிரிபாகம், உங்கள் ஊழியர்களின் நடத்தை ஆகியவை குறித்து.

ஐயா,

வணக்கம். கடந்த மார்ச் 8ஆம் தேதி உங்கள் நிறுவனம் கூரியர் மூலம் எங்கள் வீட்டில் சேர்த்த, அசல் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பின்சக்கரத்தில் மட்டும் இயங்கும் ரிமோட் டிரிஃப்ட் கார் கிட் (பக்கவாட்டில் வழுக்கியபடி ஓடும் காரை நாமே பூட்டிக்கொள்வதற்கான பாகங்களின் தொகுப்பு), ஏப்ரல் 29ஆம் தேதியாகிய இன்று வரை ஒரு முறைகூடத் தரையில் ஓடவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இதே செய்தியை ஆங்கிலத்தில் 9 மின்னஞ்சல்களில் ஏற்கெனவே தெரிவித்திருக்கிறேன். ஒன்பதுக்கும் ஒரே அச்சில் வார்த்த பதில்தான் வந்தது. உங்கள் நிர்வாக இயக்குநர் நன்றாகத் தமிழ் படிப்பவர் என்று எங்கள் கோவில் வட்டாரத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழில் எழுதினால், படிக்கத் தெரியாதவர்கள் கைமாற்றிக் கைமாற்றியாவது கடிதம் அவரிடம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பத்தாவது கடிதத்தை எழுதுகிறேன்.

குறை மிகச் சிறியது. முன்சக்கரத்தைத் தாங்கி, அதைத் திருப்புவதற்கான கையும் சேர்ந்த பகுதியை நக்கிள் என்கிறோம். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, விற்பவர்கள் நீங்கள். ஒரு காருக்கு இடது ஒன்று, வலது ஒன்று என இரண்டு நக்கிள்கள் வேண்டும். என் கிட்டில் இருந்த இரண்டும் இடது. நானும் என் மகளும் அன்றிரவு சாப்பாட்டு மேசையில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு அளவு ஸ்க்ரூவைப் பிரித்துப் போட்டு வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். நக்கிள் வந்தபோது அவள்தான் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "அப்பா, இதிலும் எல், அதிலும் எல்" என்றாள். உட்புறத்தில் எள்ளளவுக்கு எழுத்துப் பொறித்திருக்கிறது. 13 வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்தது. உங்கள் கிடங்கில் இத்தனை பேர் இருந்தும் இன்று வரை ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

மார்ச் 10ஆம் தேதி தொலைபேசியில் சொன்னேன். 41 நிமிடம் இசை கேட்ட பிறகு பேசிய பெண்மணி மரியாதையாகவே பேசினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பாக்கெட் அனுப்புவதாகச் சொன்னார், 18ஆம் தேதி வந்தும் சேர்ந்தது. ஜோடியாக அடைத்த பாக்கெட், மேலே சரியான உதிரிபாக எண், உள்ளே இரண்டு நக்கிள், இரண்டும் இடது. ஆக, வீட்டில் நான்கு இடது நக்கிள்கள்.

இதற்குப் பிறகு நான் பைன்டவுனில் உள்ள உங்கள் சேவை மையத்துக்கு நேரில் வந்த கதையைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நான் ப்ராஸ்பெக்டனில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகளாகப் பொருத்துநராக வேலை செய்பவன். மார்ச் 26ஆம் தேதி அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் வண்டி ஓட்டி வந்து சேர்ந்தேன். நான் உள்ளே நுழைந்த நேரம் மின்வெட்டு. கணினி இல்லாமல் எதுவும் பார்க்க முடியாது, நாளை வாருங்கள் என்றார்கள். நாளை எனக்கு வேலை இருக்கிறது, பொருள் என் கையிலேயே இருக்கிறது, கண்ணால் பார்த்தாலே போதும் என்று சொல்லி, நான்கு நக்கிள்களையும் உங்கள் கவுண்டர் கண்ணாடிமேல் வரிசையாக வைத்தேன். அங்கிருந்த இளைஞர் காதில் இருந்த இயர்போனைக்கூட எடுக்காமல் விரல்நுனியால் ஒன்றைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஒன்றைத் திருப்பிப் போடுங்கள், வலது ஆகிவிடும்" என்றார்.

ஐயா, அதைத் திருப்பிப் போட்டு நான் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? இடது நக்கிளை முன்பின்னாகச் சுழற்றி வலப்பக்கம் பூட்டினால், திருப்பும் கை பின்னால் இருக்க வேண்டியது முன்னால் வந்துவிடும். சக்கரங்களைத் திருப்பும் இரு பக்கத் தண்டுகளும் ஒரே திசையில் நகரும்போது, இடது சக்கரம் ஒரு பக்கமும் வலது சக்கரம் எதிர்ப்பக்கமும் திரும்பும். ஒன்று டர்பனுக்குப் போனால் மற்றது மாரிட்ஸ்பர்க்குக்குப் போகும். தலைகீழாகக் கவிழ்த்துப் பூட்டினால் கை பின்னால்தான் நிற்கும், ஆனால் கீழே இருக்க வேண்டியது மேலே ஏறிவிடும், அச்சின் உயரம் மாறும், தண்டு சாய்ந்து நிற்கும், ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். அதுவும் டிரிஃப்ட் காரில்! சாதாரண ரிமோட் காரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, 60 பாகைக்கு மேல் முன்சக்கரம் திரும்ப வேண்டும் என்பதற்காகவே அந்த நக்கிளை அப்படி வளைத்து வார்த்திருக்கிறார்கள். அதைக் கவிழ்த்துப் போடு என்று விற்பவரே சொன்னால், வாங்கியவன் யாரிடம் போய்க் கேட்பது?

இதைப் பொறுமையாக விளக்க முயன்றேன். அப்போது அந்த இளைஞர் சொன்ன வாசகம் இதுதான்: "அங்கிள், இது பொம்மைதானே? மகளிடம் கொடுங்கள், அவளே பூட்டிவிடுவாள்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அங்கிள் என்று அழைத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களை நான் இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் பணம் கொடுத்த இடத்திலேயே அதைக் கேட்க நேரும் என்று எதிர்பார்க்கவில்லை. மகள் பூட்டிவிடுவாள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. வலது நக்கிள் இருந்தால்தானே பூட்டுவாள்?

முன்பே எழுதியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். நீங்கள் கிட்டுடன் சேர்த்து விற்ற கைரோவின் துண்டறிக்கை பெட்டியில் இல்லை. காரின் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கும்போது, கைக்கு முன்பாகவே முன்சக்கரத்தை எதிர்த்திசையில் திருப்பிப் பிடிப்பது கைரோவின் வேலை. காரைக் கையில் தூக்கி மூக்கை வலப்புறம் திருப்பினால், சக்கரம் இடப்புறம் திரும்ப வேண்டும். இடது சக்கரம் மட்டும் பூட்டியிருந்த நிலையில் நான் சோதித்தபோது, அதுவும் வலப்புறமே திரும்பியது. இந்த நிலையில் ஓட்டினால் கார் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். உங்கள் தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். 6 நாள் கழித்து, ரிமோட்டில் உள்ள ரிவர்ஸ் பொத்தானை மாற்றச் சொல்லிப் பதில் வந்தது. ரிமோட்டில் மாற்றினால் என் கட்டளையின் திசைதான் மாறும், கைரோவின் திருத்தம் மாறாது. அதற்குக் கைரோவிலேயே தனி ரிவர்ஸ் இருக்கிறது. இரண்டு இரவு கண்விழித்து நானே அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துகொண்டேன். அதற்காக எதுவும் கேட்கவில்லை. ஆனால் தொழில்நுட்ப உதவி என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

நான் கட்டத் தெரியாமல் கட்டிவிட்டுப் புகார் சொல்வதாக உங்கள் ஏப்ரல் 4ஆம் தேதி மின்னஞ்சல் குறிப்பால் உணர்த்துகிறது. கியர்பாக்ஸ் மூடியில் ஒரு ஸ்க்ரூவை நான்தான் அளவுக்கு மீறி இறுக்கி, பிளாஸ்டிக்கில் மரை போகச் செய்தேன். அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை. மற்றபடி, உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் திரெட்லாக் பசை வைத்தேன், மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவில் காகிதத் துண்டை விட்டு இடைவெளி பார்த்தேன், அதிர்வு தாங்கும் ஷாக்கில் ஆயில் ஊற்றி, காற்றுக்குமிழி மேலே வர இரவு முழுதும் நிறுத்தி வைத்துப் பிறகு மூடினேன். வந்து பாருங்கள். ஒரு சக்கரம் இல்லாமல் நிற்பதைத் தவிர அந்தக் காரில் குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஈஸ்டர் சனிக்கிழமை எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தின் வழவழப்பான சிமெண்ட் தரையில் பிள்ளைகள் எல்லாரும் கார் ஓட்டுவதாக இருந்தார்கள். அதற்குள் பாக்கெட் கட்டாயம் வந்துவிடும், நாளை வந்துவிடும் என்று உங்கள் அலுவலகம் மூன்று நாள் தொடர்ந்து சொன்னது. அந்த வார இறுதியில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு ஆண்டு தவறாமல் போகும் நாங்கள், கூரியர் வரும்போது வீட்டில் ஆள் வேண்டுமே என்று, இம்முறை போவதில்லை என முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். பாக்கெட் வியாழக்கிழமை மாலையே வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை, மகளைப் பிரிக்கச் சொன்னேன். பிரித்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது எங்கள் வீட்டில் ஆறு இடது நக்கிள்கள் இருக்கின்றன.

அந்த ஓட்டத்துக்காகவே இரண்டு செல் கொண்ட லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழுமையாக, 8.4 வோல்ட்டுக்கு ஏற்றி வைத்திருந்தேன். ஓட்டாமல் வைப்பதென்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கிட்டில்தான் தவறு வந்தது, தனியாக வாங்கித் தருகிறோம், இன்று நாளை என்று அதன் பிறகும் நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்ததால் இறக்காமல் விட்டேன். இன்று அது உப்பிப்போய், கொல்லையில் மணல் வாளிக்குள் கிடக்கிறது. அந்த 780 ராண்டையும் நீங்கள்தான் தர வேண்டும் என்று கருதுகிறேன். கிட்டுக்கும் மின்சாதனங்களுக்கும் 8,650, காரின் மேல்கூடான பாடிக்கும் பெயிண்டுக்கும் 900, பெட்ரோல், மூன்று அரைநாள் சம்பளம், தூக்கம் கெட்டதால் நான் இழந்த ஒரு இரவுப் பணி, மகளின் விடுமுறை எல்லாம் சேர்த்தால் என் இழப்பு 20,000 ராண்டுக்குக் குறையாது. மகளின் விடுமுறைக்கு விலை போடக்கூடாது என்று மனைவி சொல்கிறாள், நான் போட்டிருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகு ஏப்ரல் 22ஆம் தேதி உங்களிடமிருந்து வந்த செய்தி: "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" கூடவே, கிட்டைத் திருப்பி அனுப்ப விரும்பினால் கூரியர் கட்டணம் 120 ராண்டை நான் கட்ட வேண்டும் என்றும் இருந்தது. ஐயா, 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தரக்குறைவான பொருளை 6 மாதத்துக்குள் அபராதமின்றித் திருப்பித் தரலாம், அதன் செலவும் பொறுப்பும் விற்றவரையே சேரும், பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்வார் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நானும் முடிவு செய்துவிட்டேன்.

இக்கடிதம் கிடைத்த 7 வேலை நாட்களுக்குள் சரியான வலது நக்கிள் ஒன்று என் வீட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால், நீங்களே ஆள் அனுப்பிக் கிட்டை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், நுகர்வோர் பொருட்கள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடமும், அதன்பின் தேசிய நுகர்வோர் ஆணையத்திடமும் இந்த ஆறு நக்கிள்களின் படங்களோடு போவேன். போக எனக்கு விருப்பமில்லை. மகள் இன்னும் உங்கள் இணையதளத்தில்தான் அடுத்த பாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நல்ல டயர் உங்களிடம்தான் கிடைக்கிறது. ஆனால் போகமாட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கிட்டில் வந்ததையும் சேர்த்து மூன்று பாக்கெட்டிலும் ஒரே தவறு என்றால், உங்கள் கிடங்கில் உள்ள சரக்கு முழுவதிலும் அதே தவறு இருக்கக்கூடும். நான்காவது பாக்கெட்டை உறையில் போடும் முன், யாராவது ஒருவர் அதைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டில் ஒன்றிலாவது "ஆர்" என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்கட்டும். அந்தக் கவுண்டர் இளைஞரே பார்த்தாலும் சரி. இயர்போனைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ரசீதின் நகல், 9 மின்னஞ்சல்களின் நகல்கள், நக்கிள்களின் படங்கள் 6.

பின்குறிப்பு: ஆறு இடது நக்கிள்களில் ஒன்று காரில் இருக்கிறது. மற்ற ஐந்தும் ஊறுகாய்ப் பாட்டிலில் பத்திரமாக இருக்கின்றன. வலது நக்கிளைக் கொண்டுவருபவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.