ஒன்பது ஷிப்டும் நாலு டீயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் வீடியோ கேம் விலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கேமின் விலையை விளையாடும் மணி நேரத்தால் வகுத்தால் சினிமா டிக்கெட்டைவிட மலிவுதான் என்று எழுதியிருந்தது. அந்த வகுத்தல் கணக்கு இரண்டு நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்க்கிறேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் எதன் விலையையும் ஷிப்டில்தான் சொல்வோம். எனக்கு ஒரு ஷிப்டுக்கு 550 ரூபாய். கேஸ் சிலிண்டர் ஒன்றரை ஷிப்டுக்கு மேல். பையனின் பள்ளிக்கூட ஷூ இரண்டு ஷிப்டு. சிங்கப்பூரில் இருக்கிற என் தம்பி போன தீபாவளிக்கு வந்தபோது, தான் விளையாடிப் பழகிய, டிவியில் மாட்டி கேம் ஆடுகிற பிளேஸ்டேஷன் 5 மெஷினை என் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். யானையை ஓசியில் கொடுத்தான், தீனி யார் போடுவது? பையன் முதலில் கேட்டது காட் ஆஃப் வார் ரக்னராக் என்கிற கேம். 4,999 ரூபாய். ஒன்பது ஷிப்டு, அதற்கு மேல் நாலு டீ.

இந்த மெஷின் 2021 பிப்ரவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்ததிலிருந்தே பெரிய கேம்கள் பலவற்றுக்கு இதுதான் விலையாக இருந்தது. அமெரிக்காவில் 70 டாலர். அங்கே மணிக்கு 7.25 டாலர் என்று சட்டம் வைத்திருக்கிற அடிமட்டக் கூலி வாங்குகிறவருக்கும் அது பத்து மணி நேரத்து உழைப்பு. எனக்கு ஒன்பது நாள். உங்கள் கட்டுரையாளர் சினிமா டிக்கெட்டோடு ஒப்பிட்டாரே தவிர, கூலியோடு ஒப்பிடவில்லை.

இருந்தாலும் நான் எடுத்த எடுப்பில் மறுக்கவில்லை. காரணம், அதற்கு முந்தின வருஷம் பட்ட பாடு. செல்போனில் துப்பாக்கிச் சுடும் கேம் ஒன்று, இலவசம்தான். துப்பாக்கிக்கு வர்ணம், சட்டைக்கு இறக்கை என்று 79 ரூபாய், 159 ரூபாய் என்று என் போனிலிருந்தே போயிருக்கிறது. நான்கு மாதத்தில் 2,300 ரூபாய். நாலு ஷிப்டுக்கு மேல், அதுவும் துளித்துளியாக. சட்டை வியாபாரத்தில் பதினெட்டு வருஷம் இருக்கிறேன், போட முடியாத சட்டைக்கு இப்படி ஒரு விலையை நான் பார்த்ததில்லை. விலையை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதற்கப்புறம் கை நீட்டாத கேம் ஒரு விதத்தில் யோக்கியமானது என்று அப்போதுதான் தோன்றியது.

ஆனால் வந்த அன்றைக்கே வாங்க வேண்டும் என்கிறார்களே, அதில்தான் எனக்குச் சண்டை. சைபர்பங்க் 2077 என்று ஒரு கேம். தம்பி ஆசைப்பட்டு முன்பதிவு செய்து வாங்கியது. 2020 டிசம்பர் 10-ஆம் தேதி வந்தது. பழைய மெஷின்களில் பாதியில் நின்றது, ஆட்கள் சுவருக்குள் நடந்தார்கள், முகம் வருவதற்குள் காட்சியே முடிந்துபோனது. வெளிவந்து எட்டு நாளில், பிளேஸ்டேஷனைச் செய்கிற சோனி நிறுவனமே அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. மறுபடி கடைக்கு வந்தது 2021 ஜூனில். எங்கள் மேசைக்கு அப்படி ஒரு பீஸ் வந்திருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, தள்ளியிருப்போம், பெட்டிக்குள் போகவே விட்டிருக்க மாட்டோம். வேடிக்கை என்னவென்றால், அதே கேமை அடுத்தடுத்த வருஷங்களில் ஒட்டுப்போட்டு, தைத்து, நல்ல சரக்காக ஆக்கிவிட்டார்கள். அப்போது தள்ளுபடியில் வாங்கியவனுக்குக் குறைந்த விலையில் நல்ல பீஸ். முண்டியடித்து முழு விலை கொடுத்தவனுக்கு ஓட்டை பனியன்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. வெளிநாட்டு ஷோரூமில் கண்ணாடிக்குள் தொங்குகிற அதே டீ சர்ட்டின் எக்ஸ்போர்ட் மிச்சம் எங்கள் ஊர்க் காதர்பேட்டைக் கடைகளில் குவிந்து கிடக்கும். பொறுத்திருக்கத் தெரிந்தவர்கள் அங்கே போவார்கள். ஜிடிஏ என்கிற கேமின் ஐந்தாம் பாகம் 2013-இல் வந்தது. 2020 மே மாதம் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வாரம் அதை இலவசமாகவே கொடுத்தார்கள். ஏழு வருஷம் பொறு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஒரு வருஷம் சொல்லலாம்.

வருஷா வருஷம் வரும் கால்பந்து கேம்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அதே மைதானம், அதே பந்து, வீரர்கள் பட்டியலில் மாற்றம், புது ஜெர்சி. காலரை மாற்றிப் புது ஸ்டைல் என்று ஆர்டர் கொடுக்கிற பையர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது அந்த வகுத்தல் கணக்கு. நாற்பது மணி நேரம், ஐம்பது மணி நேரம் என்று நீளத்தை அளந்து பெருமைப்படுகிறார்கள். நீளத்துக்குத்தான் காசு என்றால் எங்கள் கம்பெனியில் நைட் ஷிப்டு பார்ப்பதுதான் உலகத்திலேயே பெரிய பொழுதுபோக்கு. பையன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சில பெரிய கேம்களில் பாதி நேரம் இலை பறிப்பது, பெட்டி திறப்பது, ஒருவன் சொன்னதை இன்னொருவனிடம் போய்ச் சொல்வது. ஒரு நாள் “ஏன் சாமி, இதுக்கு உனக்குச் சம்பளம் ஏதாச்சும் தர்றாங்களா?” என்று கேட்டே விட்டேன். பதில் இல்லை.

அதே மெஷினில் தம்பி முன்பே வாங்கி வைத்திருந்த இன்னொரு கேம் வெண்பா. 2023-இல் வந்தது. டொராண்டோவில் இருக்கிற ஒரு சிறிய நிறுவனம் செய்தது, விலை 15 டாலர். 1988-இல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அதில் வெண்பா என்கிற அம்மா. அவளுடைய அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். பையன் முழித்தான். நாங்கள் குடியிருப்பது அனுப்பர்பாளையம். தெருவுக்குத் தெரு பாத்திரப் பட்டறை, இட்லிச் சட்டி அடிக்கிற சத்தத்தில் வளர்ந்த பிள்ளை, தட்டு அடுக்கத் தெரியவில்லை! நான் அவன் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி (அதற்கு வேறு பெயராம், எனக்கு ரிமோட்தான்), மேல் தட்டின் குழி கீழே இருக்கிற மாவை நசுக்காமல் திருப்பி வைத்துக் காட்டினேன். ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிட்டது. வெண்பாவின் மகன் வளர வளரத் தமிழ் பேசக் கூச்சப்படுகிற இடத்தில் என் பையன் ஒன்றும் சொல்லாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக கேம் விருதை இதற்குக் கொடுத்ததாகத் தம்பி சொன்னான். உங்கள் கட்டுரையின் கணக்குப்படி மணிக்குப் பத்து டாலர், படு நஷ்டம். நான் பையனோடு உட்கார்ந்து முழுசாக விளையாடிய ஒரே கேம் அதுதான்.

இன்னொரு விஷயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. வாங்கிய பிறகு அது நம்முடையதுதானா? தி க்ரூ என்று 2014-இல் வந்த கார் பந்தய கேம். அதன் சர்வரை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. இணையம் இல்லாமல் அந்த கேம் ஓடாது என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்களின் அலமாரியில் வெறும் டிஸ்க்தான் மிஞ்சியது. அதே வருஷம் கலிபோர்னியாவில் சட்டமே கொண்டுவந்தார்கள். எந்த நேரமும் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் சரக்கை விற்கும்போது, உரிமம்தான் தருகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமாம். தறிக்கும் தையல் மெஷினுக்கும் வாடகை கொடுத்துப் பழகிய ஊர் எங்களுடையது. வாடகை என்று சொல்லிக் கேட்டால் வாடகைக்கான விலையைத்தான் கொடுப்போம்.

அதனால்தான் டிஸ்க்காக வாங்கினால் சம்மதம் என்றேன். மீதியைப் பையன்களே யோசித்தார்கள். அவனும் கூடப் படிக்கிற இரண்டு பேரும் சேர்ந்து சீட்டு மாதிரி ஒன்று போட்டார்கள். ரக்னராக் டிஸ்க் ஒன்று, ஆளுக்கு 1,667 ரூபாய். குலுக்கிப் போட்டதில் என் பையனுக்கு மூன்றாவது முறை வந்தது, முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் சுற்றினான். மூவரும் ஆடி முடித்துப் பழைய டிஸ்க் வாங்குகிறவரிடம் கொடுத்ததில் 2,700 ரூபாய் வந்தது. ஆளுக்கு 767 ரூபாய்தான் செலவு. ஒன்றரை ஷிப்டு கூட இல்லை. டிஸ்க் போட வாயே இல்லாத மெஷினும் விற்கிறார்கள். அதை வைத்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். மெஷினை வாங்கும்போது சில ஆயிரம் குறைகிறதே என்று பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழில் கேம் விமர்சனம் எழுதுகிறவர்கள் நட்சத்திரம் போடுவதோடு நிறுத்தாமல், அடியில் நாலு வரி சேர்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்காகக் கிடைக்குமா, இணையம் இல்லாமல் ஓடுமா, உள்ளே போனபின் மறுபடி காசு கேட்குமா, வந்த அன்று ஒழுங்காக ஓடியதா. மூன்று மாதம் கழித்து விலை எவ்வளவு இறங்கியது என்று ஒரு மூலையில் போட்டாலும் நல்லது. சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்கள் அந்த மூலையைத்தான் முதலில் படிப்போம்.

சீட்டின் அடுத்த டிஸ்க் வரும் மாதம் எடுக்கிறார்களாம். இந்த முறை முதல் ஆள் என் பையன்தான்.

இப்படிக்கு,
செக்கிங் வேலை பார்க்கும் வாசகி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.