தம்பியின் இடுப்பளவைக் குறித்து வைத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவன் இப்போது விடிகாலையில் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, சித்தப்பாவின் உரக்கடையில் போய்க் கணக்கு எழுதுகிறான் என்பதும் தெரியும். இடையில் யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதேக்கா, மத்ததெல்லாம் எழுது" என்றான்.

முதலில் டாக்டரம்மா, உங்களுக்கு.

உங்களிடம் வருவதற்கு முன்னால் வேறொரு இடத்தில் காட்டிக்கொண்டிருந்தோம். அங்கே கொடுத்த மாத்திரையில்தான் அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் கொஞ்ச காலத்திலேயே ஆள் அடையாளம் தெரியாமல் பருத்துப்போனான். ராத்திரியில் எழுந்து எழுந்து போவான். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பான். "உடம்பெல்லாம் அசதியா இருக்குக்கா" என்பான். அங்கே சொன்னோம். "எல்லாம் மனசுதாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மனநோய் உள்ளவன் உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் அதையும் மனநோயின் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

நீங்கள் முதல் நாளே அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தீர்கள். குரல் கேட்கிறதா என்று கேட்பதற்கு முன்பே, "தண்ணி நிறையக் குடிக்கிறியாப்பா?" என்றீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு எல்லாம் எடுக்கச் சொன்னீர்கள். சர்க்கரை வந்திருந்தது.

மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அம்மா அழுதார். நீங்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தீர்கள். ஒலான்சபின் மாதிரி மருந்துகள் பசியைத் தூண்டும், எடையையும் சர்க்கரையையும் ஏற்றும், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும், அதற்கு விடக்கூடாது என்றீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்த்தீர்கள். அப்புறம் நிதானமாக, ஒன்றைக் குறைத்து ஒன்றை ஏற்றி, எடை அவ்வளவு ஏறாத மருந்துக்கு மாற்றினீர்கள். எல்லாப் பழியும் மாத்திரைக்கல்ல என்பதும் உங்களிடம் தெரிந்துகொண்டதுதான். குரல்களை அடக்கும் இந்த வகை மாத்திரைகள் 1950-களில்தான் வந்தன. அதற்கு வெகு முன்பே, 1879-இல், ஹென்றி மாட்ஸ்லி என்ற இங்கிலாந்து மனநல மருத்துவர், மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவு அடிக்கடி தலைகாட்டுகிறது என்று எழுதியிருக்கிறார்.

அப்பாவுக்கு நீங்கள் சொன்ன விளக்கத்தை இங்கே எழுதியே ஆக வேண்டும். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. மூளையின் பகுதிகள் தனித்தனியாக வேலை செய்வதில்லை, வலைப்பின்னலாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. தூரத்துப் பகுதிகள் பேசிக்கொள்ளத்தான் சக்தி கூடுதலாக வேண்டும். அப்பா விவசாயி என்று தெரிந்ததும், "மேட்டூர்ல தண்ணி குறைஞ்சா கல்லணைப் பக்கத்து வயல் எப்படியாவது தப்பிச்சுக்கும். உங்க கடைமடைக்குத்தான் வராது. வாய்க்கால் அப்படியே இருக்கும், தண்ணி இருக்காது. மூளைக்குச் சக்தி சரியாப் போகலைன்னாலும் அப்படித்தான்" என்றீர்கள். இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல்லுக்குப் போய்ச் சேராது, அந்தத் தட்டுப்பாடு மூளை வரைக்கும் எட்டுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள் என்றீர்கள். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். மகனின் நோயைப் பற்றி யாரோ ஒருவர் அவருக்குத் தெரிந்த பாஷையில் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நானும் தேடிப் படித்தேன். 2020-இல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் லிலியான் முஹிகா-பரோடியின் குழு மூளை ஸ்கேன்களைப் பார்த்து, இந்த வலைப்பின்னல்களின் நிலைத்தன்மை 47 வயதை ஒட்டியே தளரத் தொடங்குகிறது என்று கண்டது. இளவயதினரிடம் சர்க்கரைக்குப் பதிலாகக் கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன் எரிபொருளானபோது நிலைத்தன்மை கூடியது. 2024-இல் ஸ்டான்ஃபோர்டில் செபானி சேத்தியின் குழு, மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ உள்ள 21 பேருக்கு, மருந்தை நிறுத்தாமலே, நான்கு மாதம் கீட்டோ உணவு, அதாவது மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவு, கொடுத்துப் பார்த்தது. எடையும் இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தன, மனநிலையும் பலருக்குத் தேறியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சின்ன ஆய்வு அது. உங்களிடம் அச்செடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். முழுக்கப் படித்தீர்கள். நம்பிக்கை தரும் ஆராய்ச்சிதான், ஆனால் சர்க்கரை மாத்திரையும் மனநோய் மாத்திரையும் சாப்பிடுகிறவனுக்கு டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் செய்யக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கவில்லை. மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்று பெரியம்மா சொன்னபோதும் சுளிக்கவில்லை. "போய்ட்டு வாங்க, மாத்திரை டப்பாவை மறக்காம எடுத்துட்டுப் போங்க" என்றீர்கள்.

மனநலப் பிரிவு சிஸ்டருக்கு. நீங்கள் ஒவ்வொரு முறையும் இஞ்சி டேப்பை எடுத்து, "கையைத் தூக்கு ராஜா" என்று அவன் தொப்புளுக்கு நேராகச் சுற்றி, மூச்சை விடச் சொல்லி அளப்பீர்கள். நாற்பது பக்க நோட்டில் தேதி, எடை, இடுப்பளவு, பிரஷர், சர்க்கரை என்று பத்தி போட்டுக் கொடுத்தவர் நீங்கள். முதலில் நீங்கள் எழுதினீர்கள், பிறகு பேனாவை அவன் கையிலேயே கொடுத்தீர்கள். ஆரம்பத்தில் எழுத்து கோணிக்கொண்டு கோட்டைத் தாண்டும். இப்போதைய பக்கங்களில் நேராக நிற்கிறது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து, இருபது வருஷம் முன்னதாகவே போய்விடுகிறார்கள், பெரும்பாலும் இதயநோய் மாதிரி உடல்நோய்களால்தான் என்று படித்த நாளிலிருந்து அந்த நோட்டை சாமி அலமாரியில் வைத்திருக்கிறோம்.

மக்களைத் தேடி மருத்துவம் அக்காவுக்கு. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வருகிறவர் நீங்கள். திண்ணையில் தள்ளி உட்கார்ந்திருந்தவனையும் "நீயும் வா தம்பி, கையை நீட்டு" என்று கூப்பிட்டீர்கள். அவனைப் பார்த்து ஒதுங்கிப் போகிறவர்களையே கண்டு பழகிய எங்களுக்கு அது பெரிது.

சித்தப்பா மாப்பிள்ளைச் சம்பா கொண்டுவந்து கொடுத்தார். பாரம்பரிய அரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற பேச்சு டெல்டா முழுக்க இருக்கிறது, அது சரியல்ல, எந்த அரிசியானாலும் அளவுதான் கணக்கு. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். தட்டில் முதலில் கீரை அல்லது வாழைத்தண்டுப் பொரியல், பக்கத்தில் மீனோ முட்டையோ சுண்டலோ, கடைசியில்தான் சோறு, அதுவும் ஒரே அன்னக்கரண்டி. நெல் விளைகிற வீட்டில் பிள்ளைக்கு அளந்து போடுவது ஒரு தாய்க்கு லேசான காரியமில்லை. அம்மா, உங்களுக்கும் இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மருந்துக்கடை அண்ணன், மாத்திரை தீருவதற்கு முன்பே போன் செய்து சொல்கிறீர்கள். டீக்கடை மாமா, அவன் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ வருகிறது. அப்புறம் தென்கரை நடைக் கூட்டாளிகளே, அவன் பேசாத நாட்களிலும் அவனோடு சேர்ந்து நடக்கிறீர்கள்.

அவனுக்குக் குரல்கள் முழுக்கப் போய்விடவில்லை. தூரத்தில் கேட்கிறது என்கிறான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கிறான், படித்ததைச் சொல்கிறான். இதில் மருந்துக்கு எவ்வளவு, நடைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பார் டாக்டரம்மா. எனக்குப் பிரிக்கவும் வேண்டாம்.

மன்னார்குடிப் பக்கம் இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் வீட்டுக்கு வாருங்கள். சிஸ்டர் போட்டுக் கொடுத்த பத்திகளை நகலெடுத்து வைத்திருக்கிறேன். வர முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, சர்க்கரையும் கொழுப்பும் இடுப்பளவும் பார்த்தாயிற்றா என்று நீங்களே கேளுங்கள்.

நெஞ்சு நிறைந்த நன்றியுடன்,
அவன் அக்கா
மன்னார்குடி